கடதாசி தொலைந்தால் சேவையும் தொலைந்ததா?

நோன்புக்கு இரண்டு கிழமைகள் இருக்கும்போது, லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் மாமி ஒருவர் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். "மகள், நீ சிங்களம் படிக்கிறதானே, இதுல என்ன எழுதியிருக்காங்கெண்டு பார்த்துச் சொல்லு" என்றார். கடிதம் வந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. வாசித்துச் சொல்ல ஆளில்லாமல் அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

அரைப் பக்கக் கடிதம்தான். அவருடைய விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்குக் கணவரின் சேவை இலக்கம், நியமனக் கடிதத்தின் பிரதி, விவாகச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியன வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மாமி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "மௌத்துச் சேட்டிபிக்கட்டும் பிள்ளைகள்ற பிறப்புப் பத்திரமும் இருக்கு. மத்தது ஒண்டும் இல்ல" என்றார்.

மாமியின் கணவர் மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் ஊர்காவல் படையில் இருந்தவர். பகலில் வயல், இரவில் காவல். 1990களின் தொடக்கத்தில் ஓர் இரவு காவலரணில் நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மாமியின் கையில் அப்போது இரண்டு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. முப்பது வருடங்களாக இடியப்பம் அவித்து விற்று மூன்று பேரையும் ஆளாக்கினார். இப்போது முழங்கால் வலியால் அடுப்படியில் குந்த முடியவில்லை. மகளின் வற்புறுத்தலால்தான், தனக்கு ஏதாவது உரித்து இருக்கிறதா என்று முதன்முறையாக எழுதிக் கேட்டிருக்கிறார்.

அவருடைய பத்திரங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த கடதாசிகளை வெயிலில் காயவைத்து மறுபடியும் அடுக்கி வைத்தார். 2006 ஆகஸ்ட் மாதம் மூதூரில் சண்டை மூண்டு சனங்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகளையும் ஒரு பை உடுப்பையும் தவிர வேறொன்றையும் தூக்க முடியவில்லை. திரும்பிப் போனபோது பெட்டி இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதிய உத்தியோகத்தர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் தன் முன்னாலிருந்த சுற்றறிக்கைப்படி எழுதியிருப்பார். ஆனால் அன்றிரவு பொருளியல் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் யோசித்தேன். சேவை இலக்கத்தைக் கொடுத்தது அரசு. நியமனக் கடிதத்தை அடித்தது அரசு. மாதாமாதம் கொடுப்பனவைக் கொடுத்து ஒப்பம் வாங்கியதும் அரசு. அப்படியிருக்க, முப்பது வருடங்களுக்குப் பிறகு அந்த இலக்கம் என்னவென்று இடியப்பம் விற்ற பெண்ணிடம் ஏன் கேட்கிறார்கள்? பதிவுகளைப் பேணும் கடமை யாருடையது?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்: சேவையை நிரூபிக்கும் சுமையை முழுவதுமாகச் சேவை செய்தவரின் குடும்பத்தின் தலையில் வைப்பது நீதியல்ல. பத்திரம் தொலைந்தால் தேடவேண்டிய முதல் இடம் அரசின் அலுமாரிகள். அந்தத் தேடலைத் தொடங்கி வைக்க எங்களைப் போன்ற மாணவிகளால் முடியும்.

ஊர்காவல் படை என்றால் என்னவென்று எங்கள் வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. துணைப் படைகள் பற்றிய 1985 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட படை அது. எல்லைக் கிராமங்களில் அந்தந்த ஊர் ஆண்களையே சேர்த்து, குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு ஷொட்கன்னையும் கொடுத்துக் காவலுக்கு நிறுத்தினார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு கிழக்கின் முஸ்லிம் கிராமங்களிலிருந்து பலர் இதில் சேர்ந்தார்கள். 2006 ஆம் ஆண்டில்தான் இந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டது. அந்த வருடத்துக்குப் பிறகு சேவையில் இருந்தவர்களுக்கு ஒழுங்கான கோப்புகள் உண்டு. அதற்கு முன் இறந்தவர்களினதும் விலகியவர்களினதும் பாடுதான் சிக்கல். அவர்கள் இராணுவத்தினரும் அல்லர், பொலிஸாரும் அல்லர். பேருக்குப் படைவீரர், பத்திரத்தில் கூலிக்காரர் என்பதுபோல இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள்.

முஸ்லிம் படைவீரர் என்றதும் 1996 இல் முல்லைத்தீவில் உயிர்நீத்து, பரம வீர விபூஷணய விருது பெற்ற கேர்ணல் பஸ்லி லாபீரின் பெயர் நினைவுக்கு வரும். அவரை நாடறியும். காவலரணில் இரவைக் கழித்த கமக்காரரை அவருடைய ஊர் மட்டும்தான் அறியும். ஊரும் இடம்பெயர்ந்துவிட்டால் அவரை அறிந்தவர் யார்?

மாமி கொண்டுவந்த மரணச் சான்றிதழைப் பார்த்தேன். தொழில் என்ற கூட்டில் "கமம்" என்று எழுதியிருந்தது. அதை எழுதியவர் பொய் எழுதவில்லை. மௌத்தை அறிவிக்கப் போன உறவினர் பகல் தொழிலைச் சொல்லியிருக்கிறார். யாரும் இரவுத் தொழிலைக் கேட்கவில்லை. அந்த ஒரு சொல் இப்போது மாமியின் கதைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

பெயர் இன்னொரு சிக்கல். எங்கள் மூத்தம்மாமாரின் காலத்தில் "ஸைனப்" என்ற பெயரை ஒரு பதிவாளர் "சைனம்பு" என்று எழுதுவார், இன்னொருவர் "ஜெயினம்பு" என்று எழுதுவார். அதைச் சிங்களத்தில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றும்போது நான்காவது பெயர் ஒன்று பிறக்கும். அடையாள அட்டையில் ஒன்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அதற்கொரு நாள், ஓட்டோக் கூலி, போட்டோப் பிரதிக் காசு.

அடுத்து வருவது எங்கள் சமூகத்தைக் கேட்கவேண்டிய கேள்வி. மாமியிடம் விவாகச் சான்றிதழ் இல்லை. அது தொலையவில்லை, ஒருபோதும் இருக்கவேயில்லை. நிக்காஹ் நடந்தது, பள்ளிவாசல் புத்தகத்தில் எழுதினார்கள், வலீமாவுக்கு ஊரே வந்தது. ஆனால் விவாகப் பதிவுகாரரிடம் பதியவில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16 ஆம் பிரிவுப்படி, பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு நிக்காஹ் செல்லாததாகிவிடாது. ஆகவே மார்க்கத்தின் முன்னும் சட்டத்தின் முன்னும் மாமி ஒரு மனைவி. காரியாலயக் கவுண்டரின் முன்னால் மட்டும் அவர் யாருமில்லை.

பதிந்திருந்தாலும்கூட, அந்தச் சட்டத்தின் பழைய படிவத்தில் மணமகள் ஒப்பமிட இடமில்லை. அவருக்காக வலி ஒப்பமிடுவார். நான் மாமியிடம் கேட்டேன், "உங்கட கல்யாணத்துல நீங்க எங்கயாவது கையெழுத்து வெச்சீங்களா?" அவர் சிரித்தார். "முதன்முதலா நான் கையெழுத்து வெச்சதே அவர்ர மையித்தக் கொண்டுபோகத்தான்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து ஜனாஸாவைப் பொறுப்பேற்ற பத்திரத்தைச் சொல்கிறார்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிய சூரா பகராவின் 282 ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்று இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு கடனுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமென்று கற்பிக்கும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் தங்கியிருக்கும் ஒப்பந்தத்தைப் பதியாமல் விடுவதை வெறும் கவனயீனம் என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா? நிக்காஹ் மஜ்லிஸில் பிரியாணிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது பதிவுக்குக் கொடுக்க வேண்டாமா?

பத்திரமில்லாமல் எவரும் உரிமை கோரலாம் என்றால் பொய்யர்களும் வருவார்களே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொது மக்களின் வரிப்பணம் கண்ட கண்ட கைகளுக்குப் போகக்கூடாது. ஆனால் இதற்கு விடை உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1973 ஜூலை 12 ஆம் திகதி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே படைவீரர்களின் கோப்புகள் வைத்திருந்த கட்டடம் தீப்பற்றியது. 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரையான கோப்புகள் எரிந்தன. அவற்றுக்கு இரண்டாம் பிரதி இருக்கவில்லை. "உங்கள் கோப்பு எரிந்துவிட்டது, நீங்கள் படைவீரர் அல்லர்" என்று அந்த நாடு சொல்லவில்லை. சம்பளப் பட்டியல், வைத்தியசாலைப் பதிவேடு என்று வேறு வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடந்த கடதாசிகளைப் பொறுக்கி, எரிந்த கோப்புகளுக்குப் பதிலாகச் சேவை விபரங்களை மீளக் கட்டியெழுப்பினார்கள். ஐம்பது வருடங்களாகியும் அந்த வேலை நடக்கிறது. பொய்யரைத் தடுப்பதற்கும் உண்மையானவரைக் கண்டுபிடிப்பதற்கும் அதுவே வழி: ஒரு கடதாசி இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்திலிருந்த கடதாசியைத் தேடுவது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. சுனாமியில் ஜனாஸாவே கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவதற்கு 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தில் எங்கள் நாடாளுமன்றம் விசேட ஏற்பாடு செய்தது. உடல் இல்லாமல் மரணத்தை ஏற்க முடியுமென்றால், நியமனக் கடிதம் இல்லாமல் சேவையை ஏற்பதற்கும் ஒரு வழியை வகுக்க முடியும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் மனம் ஒப்பாது. எங்கள் மாவட்டம் மூவினத்தவரும் வாழும் மாவட்டம். என்னோடு தனியார் வகுப்புக்கு வரும் தமிழ்த் தோழி ஒருத்தியிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசவில்லை. அவளுடைய வீட்டில் "ஊர்காவல் படை" என்ற சொல்லுக்கு வேறொரு நினைவு இருக்கிறது. அந்த நினைவையும் நான் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. பிறகு அவள் சொன்னாள், "எங்கட மாமாவத் தேடி அம்மம்மாவும் போட்டோவத்தான் கொண்டு திரியிறா. அவவிட்டயும் கடதாசிதான் கேக்கினம்."

அவள் சொன்னது உண்மை. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், காணாமலாக்கப்பட்ட சாதாரண குடிமக்களோடு போரில் காணாமற்போன படையினரையும் தேடவேண்டிய அலுவலகம்தான். அதே ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம், மரணச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பத்துக்குக் "காணாமைச் சான்றிதழ்" பெற வழி செய்தது. அந்த அம்மம்மாவும் எங்கள் மாமியும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து முறை வரும்வரை காத்திருக்க வேண்டியவர்கள். ஆகவே நாங்கள் செய்யும் உதவி இன்ன இனத்தாருக்கு, இன்ன உடுப்புக்காரருக்கு என்று பிரித்துச் செய்வதாக இருக்கக் கூடாது.

படைவீரர் உதவி என்பதும் புதிய கோரிக்கையல்ல. திருகோணமலைத் துறைமுகத்தில் 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் உப்புவெளியில் வீதியோரமாக அந்தப் போர்க்கால மயானத்தைக் காணலாம். பாடசாலையில் கூட்டிச் சென்றபோது கல்லறைக் கற்களை வாசித்துப் பார்த்தேன். பெயர், பதவி, படை, இறந்த திகதி, அவற்றோடு சேவை இலக்கம். கடல் கடந்து வந்து இறந்தவரின் இலக்கத்தை எண்பது வருடங்களாகக் கல்லில் காத்து வைத்திருக்கிறார்கள். அது தவறென்று நான் சொல்லவில்லை. அதே மாவட்டத்தில் பிறந்து இறந்தவரின் இலக்கத்தை ஒரு கொப்பியிலாவது காத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

முதலாம் உலகப் போர் முடிந்தபின் ஒவ்வொரு நவம்பர் 11 ஆம் திகதியும் இலங்கையில் பொப்பி மலர் விற்றார்கள். சேர்ந்த பணத்தில் பெரும் பங்கு பிரித்தானியாவுக்குப் போனது. இந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம். அதைப் பொறுக்காத முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஏலியன் பெரேரா 1931 இல் பொப்பிக்குப் போட்டியாகச் சூரிய மலரை விற்கத் தொடங்கினார். 1933 இலிருந்து இடதுசாரி இளைஞர்கள் அதைப் பெரும் இயக்கமாக வளர்த்தார்கள். சூரிய மலர் வேறெதுவுமல்ல, எங்கள் வேலிகளில் நிற்கும் பூவரசின் பூதான். மறக்கப்பட்ட படைவீரருக்காக அன்றைய இளைஞர் வீதியில் இறங்கிப் பூ விற்றார்கள். நாங்கள் வீதியில் இறங்க வேண்டியதில்லை. ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் போதும்.

என் யோசனை இதுதான். எங்கள் கல்லூரியின் உயர்தர மாணவிகள், பொறுப்பாசிரியை ஒருவரின் மேற்பார்வையில், மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு பத்திர உதவி மேசை வைக்கலாம். மூன்று மொழியும் ஓரளவு தெரிந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வருபவரிடம் முதலில் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தப் படை? எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை? எந்த முகாம் அல்லது எந்தப் பொலிஸ் நிலையம்? சேவை எப்படி முடிந்தது, மரணமா, காயமா, விலகலா, காணாமற்போனதா? இப்போது கேட்பவர் யார், அவரேயா, மனைவியா, பிள்ளையா, பெற்றோரா? இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தால்தான் எந்த அலுவலகம், எந்த உரித்து என்று பார்க்க முடியும். ஏனென்றால் இராணுவத்தினருக்கு ஒரு வழி, பொலிஸாருக்கு இன்னொன்று, ஊர்காவல் படைக்கு வேறொன்று. ஆயுதப் படையினரின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு 1970 இலேயே தனிச் சட்டம் உண்டு. படையினரின் குடும்ப நலன்களுக்கு 1999 இல் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. போரில் இழப்புற்ற எவருக்கும் இழப்பீடு பற்றிப் பார்ப்பதற்கு 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டப்படி இழப்பீட்டுக்கான அலுவலகம் இருக்கிறது. ஒரு கதவு மூடியிருப்பதால் எல்லாக் கதவும் மூடியதாகாது. எந்தக் கதவு என்று தெரியாமல்தான் பலர் திரும்பிப் போகிறார்கள்.

இரண்டாவது, தகவல் கேட்பது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரசை எவரும் அரச அலுவலகமொன்றில் உள்ள தகவலைக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். சில தகவல்களை மறுப்பதற்கும் சட்டத்தில் இடமுண்டு. அப்படியானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதன்பிறகு 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையும் எங்களுக்கு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. மாமியின் கடிதம் மூன்று மாதங்கள் சேலைக்கடியில் கிடந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவது, சில சின்ன ஒழுங்குகள். மூலப் பத்திரத்தை ஒருபோதும் கையை விட்டு விடக்கூடாது, பிரதிதான் கொடுக்க வேண்டும். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பேசிய உத்தியோகத்தரின் பதவியையும் பேசிய நாளையும் ஒரு கொப்பியில் குறிக்க வேண்டும். "நான் முடித்துத் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்ப வேண்டும். நாங்களும் யாருக்கும் "கட்டாயம் கிடைக்கும்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு குடும்பத்தின் துக்கத்தையும் பத்திரத்தையும் பார்த்த பிறகு வெளியில் கதைக்கவும் கூடாது. அது அமானிதம். மாமியின் பெயரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான்.

இத்தா இருக்கும் பெண்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நான்கு மாதமும் பத்து நாளும் அவர் வீட்டில் இருக்கும் காலத்தில் வெளி வேலைகளை ஆண்கள் பார்ப்பார்கள். பத்திரங்கள் அவர்களின் கைகளில் சிதறுவதும் அப்போதுதான். அந்தக் காலத்தில் நாங்கள் அவருடைய வீட்டுக்குப் போய், ஒரு கோப்பு வாங்கி, எல்லாப் பத்திரத்தையும் அடுக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வரலாம். தஃஸியாவுக்குப் போகும்போது சீனியும் தேயிலையும் கொண்டுபோகிறோம். ஒரு கோப்பும் கொண்டுபோனால் என்ன?

கடைசியாக, இன்னும் உயிரோடிருக்கும் முன்னாள் படைவீரர்களிடமும், இப்போது சேவையில் இருக்கும் வாப்பாமார், காக்காமாரிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் உறவினர் ஒருவர் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கோப்பு அழகாக இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று சாச்சிக்குத் தெரியாது. விதவைகள் ஓய்வூதியத்துக்கான இலக்கம் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டால் "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு" என்கிறார் சாச்சா. மௌத்தைப் பற்றிப் பேசினால் மௌத்து வந்துவிடாது. பேசாமல் விட்டால் அது வராமலும் போகாது. உங்கள் மனைவியையும் மகளையும் ஒருநாள் பக்கத்தில் இருத்தி, இது என் இலக்கம், இது இன்ன கடிதம், எனக்கு ஏதாவது ஆனால் முதலில் இந்த அலுவலகத்துக்குப் போங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். அரை மணித்தியாலம் போதும்.

மாமியின் கதைக்கு வருகிறேன். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது, "ஒவ்வொரு நாளும் அசருக்குப் பொறகு போய்க் கையெழுத்து வெச்சித்தான் துவக்க எடுப்பார்" என்று தற்செயலாகச் சொன்னார். அப்படியானால் ஒரு புத்தகம் இருந்திருக்க வேண்டும்! அதைப் பிடித்துக்கொண்டு தகவல் கோரும் படிவத்தை நிரப்பினோம். அந்த வருடத்துத் துப்பாக்கிப் பதிவேடும் கொடுப்பனவுப் பட்டியலும் இருக்கின்றனவா, இருந்தால் இந்தப் பெயர் அவற்றில் உண்டா, அழித்திருந்தால் எப்போது, யாருடைய கட்டளைப்படி அழிக்கப்பட்டன என்று கேட்டோம். மாமி தன் பெயரை மெதுவாக, எழுத்துக் கூட்டி, தமிழில் ஒப்பமிட்டார்.

பதில் தமிழிலேயே வந்தது. துப்பாக்கிப் பதிவேடு இல்லை. கொடுப்பனவுப் பட்டியல் நான்கு மாதங்களுக்குரியது இருந்தது. இணைத்திருந்த பிரதியில் பதினேழாவது வரியில் அவருடைய பெயர், அதற்குப் பக்கத்தில் ஓர் இலக்கம், அதற்கும் பக்கத்தில் அவருடைய ஒப்பம். மாமி இலக்கத்தைப் பார்க்கவில்லை. ஒப்பத்தின்மேல் விரலை வைத்து, "இது அவர்ர எழுத்துத்தான்" என்றார்.

கோப்பு இன்னும் முடியவில்லை. சேவை இலக்கம் கிடைத்துவிட்டது. நிக்காஹ்வை நிரூபிக்க வேண்டும். சாட்சிகள் இருவரில் ஒருவர் வபாத்தாகிவிட்டார், மற்றவர் கிண்ணியாவில் மகளோடு இருக்கிறாராம், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வருகிற சனிக்கிழமை நானும் உம்மாவும் மாமியைக் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறோம். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி எடுத்துவிட வேண்டும்.

க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு